மாதம் 12,500 ரூபாயை எதில் போடுவது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஏழெட்டுப் பேர் ஆண்டுதோறும் ஊருக்கு ஏதாவது செய்வார்கள். ஒரு வருடம் கோயில் மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். இன்னொரு வருடம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். போன வருடம் அவர்களில் ஒருவருடைய சித்தப்பா இறந்துபோனார். காசநோய் என்று ஊரில் சொன்னார்கள். அது பாதி உண்மை. அவர் எட்டு வருடம் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிட்டு, வயல் வேலையெல்லாம் பார்த்துக்கொண்டு நன்றாக இருந்தவர். கடைசி ஒன்றரை வருடம் மருந்து தரும் அரசு மையத்தின் பக்கமே போகவில்லை. (இதை எழுதக் குடும்பத்தார் சம்மதம் கொடுத்தார்கள். ஊரையும் உறவையும் நான் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

டெல்டாவில் ஒரு மையத்தில் பதினொரு வருடம் கவுன்சிலராக இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணே, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறோம். சித்தப்பா மாதிரி இன்னொருவர் பாதியில் விடக் கூடாது. எதைச் செய்தால் பலன் கிடைக்கும், சொல்லுங்கள்." மாதத்துக்கு 12,500 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து வாங்க இந்தப் பணம் வேண்டாம். 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை உட்பட நாட்டில் எட்டு இடங்களில் தொடங்கியதிலிருந்தே அரசு மையங்களில் மாத்திரை இலவசம். 2017 முதல், எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருந்தாலும் நோய் உறுதியான எல்லோருக்கும் மருந்து உண்டு. மருந்தும் முன்பு மாதிரி இல்லை. ஆரம்ப காலத்து ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்ட வைத்து, ஆளைப் பார்த்தாலே தெரியும்படி செய்துவிடும். பிறகு வந்த எஃபாவிரென்ஸ் இரவில் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது. இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு முறை. மருந்து கசந்ததால் விட்டேன் என்று சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் விடுகிறார்கள்? என் அனுபவத்தில் மறதி பெரிய காரணம் இல்லை. முதல் வருடத்தில் விடுபவர்கள் பயத்தில் விடுகிறார்கள். ஐந்து, எட்டு வருடம் கழித்து விடுபவர்கள் நன்றாக இருப்பதால் விடுகிறார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை. நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்கு வரிசையில் நிற்கத்தான் வேண்டுமா என்று ஒரு மாதம் தள்ளுகிறார்கள். அடுத்த மாதம் போனால் "ஏன் போன மாதம் வரவில்லை?" என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் அதையும் தள்ளுகிறார்கள். மூன்றாவது மாதத்தில் அது பழக்கமாகிவிடுகிறது. சித்தப்பா விட்டதும் இப்படித்தான்.

"கொஞ்ச நாள் உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாமே" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை மருத்துவர்களே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேர் சேர்ந்தார்கள். எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது ஒரு பிரிவினர் மருந்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பிரிவில் சாவும், இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் கூடியதைப் பார்த்து 2006 ஜனவரியில் ஓய்வுப் பரிசோதனையையே நிறுத்திவிட்டார்கள். மருந்தை விட்ட சில வாரங்களில் வைரஸ் மறுபடியும் இரத்தத்தில் பெருகத் தொடங்கிவிடும். உடம்புக்கு அது தெரிய மாதக்கணக்காகலாம். ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தம்பிகள் முதலில் கேட்டது செல்போன். "ஒரு செயலி போட்டுவிடலாம் அண்ணே, தினமும் மணி அடிக்கும்." படித்தவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். செலவும் குறைவு. ஆனால் இதை நம் பக்கத்திலேயே சோதித்துவிட்டார்கள். தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்களில் புதிதாக மருந்து தொடங்கிய 631 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு தானியங்கி அழைப்பும் ஒரு படச் செய்தியும் போயின. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், மருந்துக்கு வைரஸ் கட்டுப்படாமல் போகும் விகிதத்தில் இரு பிரிவுகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதற்கு நேர் எதிரான முடிவு கென்யாவில் கிடைத்தது. 2010இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அது. அங்கே வாரம் ஒரு முறை "மாம்போ?" என்று ஒரு குறுஞ்செய்தி போகும். 'எப்படி இருக்கிறாய்?' என்று அர்த்தம். நன்றாக இருந்தால் "சாவா" என்றும், சிக்கல் இருந்தால் "ஷிடா" என்றும் பதில் போட வேண்டும். "ஷிடா" வந்தாலும், பதிலே வராவிட்டாலும் ஒரு செவிலியர் கூப்பிட்டுப் பேசுவார். வைரஸ் கட்டுப்பட்டவர்கள் செய்தி பெற்ற பிரிவில் 57 சதவீதம், பெறாத பிரிவில் 48 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் நடந்த இடம் வேறு, காலம் வேறு, ஒன்றை ஒன்றோடு நிறுத்தித் தராசில் வைக்க முடியாது. ஆனாலும் எனக்குப் புரிவது ஒன்றுதான்: கென்யாவில் செய்தியில் மாத்திரை என்ற பேச்சே இல்லை, மறுமுனையில் ஒரு மனுஷி இருந்தாள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் போன் இருப்பது மகன் கையில் அல்லது கணவன் கையில். "மாத்திரை சாப்பிட்டீர்களா" என்று ஒரு குரல் அதில் ஒலித்தால் அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் வேலையில் இருந்தபோது ஒரு அக்காவும் நானும் ஒரு வாசகத்தைப் பேசி வைத்திருந்தோம். "நடவு முடிந்ததா?" என்று கேட்பேன். "முடிந்தது" என்றால் மாத்திரை இருக்கிறது, "ஆள் கிடைக்கவில்லை" என்றால் தீர்ந்துவிட்டது. ஆகவே செயலி வேண்டாம், பேசும் ஆள் வேண்டும் என்று முதல் யோசனையை ஓரமாக வைத்தேன்.

அடுத்தது பேருந்துக் கட்டணம். கேட்டவுடன் நியாயமாகத் தெரிகிறது. கொடுப்பதும் எளிது. ஆனால் கணக்குப் போட்டால் ஓட்டை தெரிகிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போகிற பெண்ணுக்கு நாம் கொடுக்க ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் டிக்கெட்டை விட அன்றைய கூலி போவதுதான் பெரிய அடி. அதை ஈடு கட்டுவதென்றால் 12,500 ரூபாய் எத்தனை பேருக்கு வரும்? காசநோய்க்காரர்களுக்கு அரசு 2018இலிருந்து மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் கொடுக்கிறது. அந்தச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். எச்.ஐ.வி. மருந்து ஆயுள் முழுவதும். ஆறு மாதம் கொடுத்துப் பழக்கிவிட்டு ஏழாம் மாதம் நிறுத்துவதை விட, ஆரம்பத்திலேயே கொடுக்காமல் இருப்பது மேல் என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை வைத்துக்கொள்ளலாம். மாத்திரை இரண்டு நாளில் தீர்கிறது, கையில் காசு இல்லை என்ற நிலைக்கு அது உதவும்.

மூன்றாவது யோசனையில்தான் நான் அதிக நேரம் தங்கிவிட்டேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் மையம், இருக்கிறது. மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டு நிலைத்துவிட்டவர்கள் மாதாந்திர மாத்திரையை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இணைப்பு மையத்தில் வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் இதை விட நல்ல ஏற்பாடு இல்லை. கோடியக்கரைப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகு வீடு. அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்த மையத்துக்கு மாறிய பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. "ஒரு நாள் வேலை காலை வேலையாகப் போய்விட்டது, சார்" என்பார்.

அதே காலத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் ஒருவரையும் நான் அருகில் மாறிக்கொள்ளச் சொன்னேன். நல்லது செய்வதாக நினைத்துக் கொஞ்சம் வற்புறுத்தவே செய்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு எங்கேயும் போகவில்லை. நான்கு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார்: அந்த மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் அவருடைய நாத்தனாரின் சம்பந்தி வீட்டுப் பெண். "சார், தஞ்சாவூரில் என்னை யாருக்கும் தெரியாது. தைராய்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வருவேன். நீங்கள் என்னை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள்." பதினொரு வருடத்தில் நான் செய்த தவறுகளில் இதை மட்டும் நான் மறக்கவில்லை.

டெல்டாவின் அமைப்பு அப்படி. ஊருக்கு ஊர் ஒரு மைல்கூட இடைவெளி இல்லாத இடங்கள் உண்டு. பெண் கொடுத்து, பெண் எடுத்து, எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் ஒரு மாமன் வீட்டு ஆள் இருப்பார். இங்கே தூரம் சிலருக்குத் தண்டனை, சிலருக்குப் போர்வை. எது யாருக்கு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். அருகிலேயே கொடுத்தால் எல்லோரும் ஒழுங்காக வருவார்கள் என்று திட்டம் போடுகிறவர்கள் ஒரு முறை நம் ஊர் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். "எங்கே போய்விட்டு வருகிறாய்?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

இதைச் சொன்ன பிறகு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எவ்வளவு உதவுகிறது என்று என் அம்மாவைப் பார்த்தே எனக்குத் தெரியும். பையோடு ஒரு பெண் வந்து திண்ணையில் உட்காருவார். தெருவே கூடிவிடும். சர்க்கரைக்கு அது நல்லது. இதற்கு ஆகாது.

மொசாம்பிக்கின் தேதே மாகாணத்தில் 2008இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இன்னொரு வழியைத் தொடங்கியது. ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்வார்கள். மாதம் ஒருவர் மையத்துக்குப் போய் எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வருவார். அவருடைய முறை வரும்போது அவருக்குப் பரிசோதனையும் நடக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் நம் கிராமத்தில் ஆறு பேர் ஒருவருக்கொருவர் இதை ஒப்புக்கொள்வார்களா? கணவன், மனைவி இருவருக்கும் நோய் இருக்கும் வீடுகளில் இது பெயர் இல்லாமல் ஏற்கெனவே நடக்கிறது. ஒரு மாதம் அவர், ஒரு மாதம் இவர். அதற்கு மேல் விரிவதை நான் பார்க்கவில்லை.

காசு செலவில்லாமல் அதிகப் பலன் தரக்கூடியது மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவது. 2020 ஊரடங்கில் இரண்டு, மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லித் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே சொன்னது. மலாவியிலும் ஜாம்பியாவிலும் 8,719 பேரை வைத்து நடந்த இன்டர்வெல் ஆய்வில் ஒரு வருடம் கழித்துச் சிகிச்சையில் தொடர்ந்தவர்கள் வழக்கமான முறையில் 82 சதவீதம், மூன்று மாத முறையில் 86, ஆறு மாத முறையில் 91. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் கூலி போவதும் நான்கு நாள் போவதும் ஒன்றா? அந்த நான்கு நாளையும் நடவும் அறுவடையும் இல்லாத வாரங்களாகக் கேட்டு வாங்கலாம். மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்து குறுவை தொடங்கினால் அந்த மாதக் கடைசியில் ஒரு தேதி கொடுத்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று குறைப்படுவதில் பொருளில்லை. மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அவர்களுக்கு அதுதான் தோதான காலம்.

இதிலும் இரண்டு முள் உண்டு. மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது நிலைத்தவர்களுக்குத்தான். நிலைத்துவிட்டார் என்று சொல்ல வைரஸ் அளவுப் பரிசோதனை வேண்டும். தொடக்கத்தில் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. அந்த ஒரு பயணத்தை மட்டும் தவறவிடக் கூடாது. இன்னொன்று மாத்திரையை வைக்கும் இடம். ஒரு புட்டியில் முப்பது மாத்திரை. கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் போடும். ஒரு புட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைக்கலாம், மூன்றை எங்கே மறைப்பது? பஞ்சை அடைத்துச் சத்தத்தை அடக்குகிறார்கள், லேபிளைச் சுரண்டுகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி ஓட்டையும் கீற்றையும் பிய்த்துக்கொண்டு போனபோது, ரேஷன் அட்டைக்கு முன்னால் மாத்திரைப் புட்டியைத் தேடிய வீடுகள் உண்டு. மையத்தில் சிகிச்சை விவரம் எழுதித் தரும் பச்சைப் புத்தகம் நனைந்துபோய்க் காய வைத்து எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி வந்துவிட்டதே என்று ஒரு தம்பி கேட்டார். சில நாடுகளில் இருக்கிறது. நம் அரசு மையத்தில் மாத்திரைதான். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சியது ஆள். இதே நோயோடு வாழ்ந்து, மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிற ஒருவர், தவறியவரைத் தேடிப் போய்ப் பேசுவது. செலவு அதிகம், கணக்குக் காட்டுவது கடினம், ஆளைப் பொறுத்தே எல்லாம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். விட்டவர் திரும்பி வருவதைத் தடுப்பது பெரும்பாலும் கவுண்டரில் கேட்கப்போகும் அந்த முதல் கேள்வி. கூட ஒருவர் வந்து நின்றால் அந்தக் கேள்வியின் முனை மழுங்கிவிடும். "நானும் ஏழு மாதம் விட்டிருக்கிறேன், வா போகலாம்" என்று சொல்ல என்னால் முடியாது. அவரால் முடியும்.

இங்கே தம்பிகள் ஒரு தவறு செய்யப் பார்த்தார்கள். "மையத்தில் விட்டவர்களின் பட்டியல் வாங்கிவிடலாம்" என்றார்கள். வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒருவருடைய நோய் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் இப்படி வெளியே சொல்லக் கூடாது. வெளியாள் கையில் பட்டியல் போனால் அன்றோடு மையத்தின் மீதுள்ள நம்பிக்கை போயிற்று. ஏற்கெனவே விட்டவர்களைத் தேட மையத்துக்கும், அதோடு சேர்ந்த பராமரிப்பு ஆதரவு மையத்துக்கும் களப்பணியாளர்கள் உண்டு. நாம் செய்யக்கூடியது வேறு. ஒருவர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, "நான் ஒரு மாதம் வராவிட்டால் இன்னார் என்னை இந்த எண்ணில் கூப்பிடலாம், இந்த இடத்தில் சந்திக்கலாம், வீட்டுக்கு மட்டும் வரக் கூடாது" என்று அவர் வாயாலேயே நம் ஆளிடம் சொல்லி வைத்துக்கொள்வது. குடை இல்லாதவன் மழைக்கு முன்பே ஒதுங்க இடம் பார்த்து வைப்பதைப் போல. இதனால் சித்தப்பா மாதிரி ஏற்கெனவே போய்விட்டவர்களுக்குப் பயனில்லை என்பதைத் தம்பிகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சரி என்றார்கள்.

கணக்கு இப்படி நின்றது. இரண்டு பேருக்கு, அரை நாள் வேலைக்கு, ஆளுக்கு 3,500 ரூபாய். இது கூலியே இல்லை என்று எனக்கும் தெரியும். பயணத்துக்கு 2,500, அவசரப் பேருந்துச் செலவுக்கு 2,500, போனுக்கு 500. மாத்திரையைச் சேர்த்து வாங்கவும், பரிசோதனைக்குத் தேதி கேட்கவும், இடம் மாற விரும்புகிறவருக்குக் காகிதம் எழுதவும் இந்த இரண்டு பேரே உதவுவார்கள். முதல் வருடம் நாற்பது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் இரண்டு பேர் என்றால், எந்தத் தெருவுக்குள் யார் போகலாம் என்பது இன்னும் நம் ஊரில் எழுதாத சட்டமாக இருக்கிறது. புது ஆண் ஒருவன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் மாலைக்குள் கதை கட்டிவிடுவார்கள். அதனால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பெண் கிடைத்துவிட்டார். மகளிர் குழுவில் பத்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். "பையில் குழு நோட்டு இருக்கும் சார். அதற்கு மேல் என்னை யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். ஆனால் முதலில் சேரச் சம்மதித்த பெயர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். அதில் பலர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊர் வருகிறார்கள். வேலை செய்யும் ஊரிலேயே உள்ள மையத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு அங்கே போய்வரக்கூடிய ஓர் ஆண் வேண்டும். திருப்பூரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். தை அறுவடை முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.